நத்தார் மேசைக்குச் சுட்ட மரக்கறி: தண்ணி விடாமல் முறுக எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: நத்தாருக்கு 20 பேர் வருகிறார்கள், அதில் 8 பேர் சைவம். ரோல்ஸ், பற்றீஸ், கட்லற் என்று மேசையில் வருவதெல்லாம் மச்சமும் பொரியலுமாக இருப்பதால், வந்தவுடன் கொடுக்கிற முதல் கடியாக அவணில் சுட்ட மரக்கறி வைக்க விருப்பம். போன வருசம் செய்தபோது மரக்கறி தண்ணி விட்டு, அவித்ததுபோலச் சொதசொதவென்று வந்தது. போட்ட தூளும் கறுத்துக் கைத்தது. எங்கே பிழை?

பிழை மரக்கறியில் இல்லை, தட்டில்தான். இரண்டு கிலோ மரக்கறியை ஒரே தட்டில் குவித்து, தூள், உப்பு, எண்ணெய் எல்லாம் ஒன்றாகப் பிரட்டி, ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் இப்படித்தான் வரும். கரட்டில் நூற்றுக்கு 88 பங்கு நீர். கத்தரியில் 92 பங்கு. வற்றாளங்கிழங்கில்கூட முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 பாகை செல்சியசைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த வாசமும் வருவதற்கு ஏறத்தாழ 140 பாகையாவது வேண்டும். துண்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தால் ஒன்றிலிருந்து வரும் ஆவி பக்கத்திலுள்ளதை அவிக்கும். அப்போது உங்கள் அவண் இடியப்பச் சட்டியின் வேலையைத்தான் செய்கிறது. கீழே சொல்லப்போகிறவை எல்லாம் இந்த ஆவியை வெளியே விடுகிற வழிகள்தான். தூள் கறுத்த கதை வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் எதை வாங்குவது? சுட்ட துண்டுகளைத் தென்னோலை ஈர்க்கில் கோத்துக் கொடுக்கப்போகிறோம். 20 பேருக்கு, ஆளுக்கு இரண்டு ஈர்க்கு வீதம் 40 ஈர்க்கு என்று கணக்குப் பண்ணுங்கள். வற்றாளங்கிழங்கு 700 கிராம், கரட் 500, சின்ன வெங்காயம் 400, பீற்றூட் 400, கறிமிளகாய் 300. மொத்தம் 2 கிலோ 300 கிராம். சுட்டு எடுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு நிறை நீராகப் போய்விடும். ஒன்றரைக் கிலோ மிஞ்சும். இதற்குப் பிறகு சோறோ புரியாணியோ வருமென்றால் இது காணும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் 750 கிராம் தனியாக.

கத்தரிக்காயைத் துண்டாக வெட்டி மற்றவற்றோடு சுடச் சொல்லி நிறையப் பேர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கத்தரியின் சதை பஞ்சு மாதிரி. விட்ட எண்ணெய் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் கேட்கும். சூடாக இருக்கும்போது நல்லாயிருக்கும், ஆறியதும் தோல் சவ்வாகும். விருந்தில் எந்தத் தட்டு சூடாகவே இருக்கிறது? கத்தரியைச் சம்பலுக்கு விடுங்கள். தக்காளியையும் பூசணியையும் இதே காரணத்துக்காக விட்டுவிடலாம், இரண்டும் தண்ணிக் குடம்.

மார்கழி மழையில் யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் எந்தச் சந்தையிலும் மரக்கறி ஈரமாகத்தான் வரும். நுவரெலியாப் பக்கக் கரட்டைக் கழுவித்தான் சந்தைக்கு அனுப்புகிறார்கள். பையைக் கட்டி வைத்தால் இரண்டு நாளில் நுனி வழவழக்கும். வாங்கி வந்தவுடன் பையிலிருந்து எடுத்துப் பரவிவிடுங்கள். கறிமிளகாய் விரலால் அமத்தினால் உள்ளே போகக்கூடாது. பீற்றூட் முஷ்டியிலும் சிறிதாக, ஒரே அளவில் இருந்தால் ஒரே நேரத்தில் வேகும். பனங்கிழங்கு கிடைத்தால் பத்துக் கிழங்கு வாங்குங்கள், யாழ்ப்பாணத்து மேசைக்கு அதைவிட வடிவான சேர்மானம் இல்லை. ஆனால் அது தாராளமாக வருவது தையில்தான். நத்தாருக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவித்து, நடுத்தும்பை உருவி, விரல் நீளத்துக்கு முறித்து, மிளகும் உப்பும் எண்ணெயும் பூசிக் கடைசியாக 12 நிமிடம் சுட்டால் போதும்.

அவணைப் பற்றி ஒரு விசயம் முன்கூட்டியே. மேசையில் வைக்கிற மின்னவண்கள் பல 1500 முதல் 2000 வாற் வரை இழுக்கும். சுவரில் உள்ள சிறிய 5 அம்பியர் பிளக் பொயின்ற் 230 வோல்ற்றில் 1150 வாற்றுக்குத்தான் ஆனது. அடப்ரர் போட்டு அதில் கொழுவி இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டால் பிளக் உருகும், சிலவேளை வயரும் பற்றும். 13 அல்லது 15 அம்பியர் பொயின்ற்றில் மட்டும் போடுங்கள். அதே பொயின்ற்றில் கேத்தல் வேண்டாம்.

வெப்பத்தை 210 பாகைக்கு வைத்து 15 நிமிடம் வெறுமனே சூடாக்குங்கள். காற்றாடி உள்ள அவணென்றால் 190 போதும். மலிவான அவண்களின் குமிழ் காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம், 20 பாகை கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு துண்டு பாணை உள்ளே வைத்துப் பாருங்கள்: 210 பாகையில் ஆறேழு நிமிடத்தில் ஓரம் சிவக்கத் தொடங்கும். பத்து நிமிடமாகியும் வெளுப்பாகவே இருந்தால் குமிழை ஒருபடி கூட்டுங்கள். காஸ் அவணில் காஸ் எரியும்போதே நீராவி உண்டாகும், ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவை ஒரு கணம் திறந்து ஆவியை விடுங்கள்.

இனி வெட்டுதல். வற்றாளங்கிழங்கு ஓர் அங்குலச் சதுரம். தோல் மெல்லிசாக இருந்தால் சீவத் தேவையில்லை. வெட்டியதும் தண்ணியில் 15 நிமிடம் போட்டு, வெளியே ஒட்டியிருக்கிற மாப்பொருள் போகக் கழுவி வடியுங்கள். போகாவிட்டால் அது தட்டில் பசையாக ஒட்டும், திருப்பும்போது முறுகின தோல் தட்டோடு போய்விடும். கரட்டைச் சரிவாக ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். அதைவிட மெல்லிசானால் சுருங்கிக் காய்ந்த செருப்புத் துண்டு மாதிரி வரும். கறிமிளகாயை நீளவாட்டில் கீறி விதையும் நடுத்தண்டும் எடுத்து, ஒன்றரை அங்குலத் துண்டாக்குங்கள். சின்ன வெங்காயத்தைக் கொதிதண்ணியில் 2 நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கழன்று வரும், கண்ணெரிவும் குறையும். வேர்ப்பக்கத்தை முழுதாகச் சீவி எறியாதீர்கள், அந்தக் குடுமிதான் இதழ்களைப் பிடித்துவைக்கிறது. சீவினால் அவணுக்குள் வெங்காயம் பூவாகப் பிரிந்து ஓரம் கருகும்.

பீற்றூட்டைப் பச்சையாகச் சுட வெளிக்கிட்டால் 45 நிமிடம் மினக்கெட வேண்டும், அதற்குள் ஓரம் கருகிவிடும். அதனால் முதல் நாளே தோலோடும் காம்பு ஓர் அங்குலத்தோடும் முழுதாக அவியுங்கள். சிறியதுக்கு 25 நிமிடம் போதும், கத்தி நுனி போகிற பதம். காம்பை ஒட்ட வெட்டினால் சாயம் முழுவதும் தண்ணிக்குப் போய்விடும். ஆறினதும் தோலைக் கையால் உரித்து, தோடம்பழச் சுளை மாதிரி வெட்டி வையுங்கள்.

வெட்டியது எல்லாவற்றையும் சுத்தமான துணியில் பரவி, காற்றாடிக்குக் கீழே அரை மணித்தியாலம் விடுங்கள். மாரிகாலத்து ஈரக்காற்றில் இந்த அரை மணித்தியாலத்தைத் தவறவிட்டால் பிறகு என்ன செய்தும் முறுகல் வராது. தொட்டால் கையில் ஈரம் ஒட்டக்கூடாது.

எண்ணெய் 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி. கூடினால் முறுகாது, ஊறும். குறைந்தால் தூசி படிந்ததுபோல வறளும். சுடுவதற்குத் தேங்காயெண்ணெய் நல்லது. நல்லெண்ணெயைக் கடைசியில் வாசத்துக்குச் சேருங்கள், நெடுநேரம் சூட்டில் நின்றால் அதன் வாசம் கெட்டுவிடும். உப்பு 500 கிராமுக்கு முக்கால் தேக்கரண்டி. ஆனால் அதைப் போடுவது தட்டு உள்ளே போவதற்குச் சற்று முன்தான். உப்புப் போட்டு வைத்துவிட்டு விருந்தாளியோடு கதைக்கப் போனால், திரும்பி வரும்போது பாத்திரத்தில் தண்ணி நிற்கும். உப்பு நீரை வெளியே இழுக்கும், துணியில் உலர்த்தியதெல்லாம் வீண். வற்றாளங்கிழங்குக்கு மட்டும் ஒரு மேசைக்கரண்டி வறுக்காத பச்சையரிசி மாவைத் தூவிப் பிரட்டுங்கள். மிஞ்சியிருக்கும் ஈரத்தை மா உறிஞ்சி ஒரு மெல்லிய ஓடாக நிற்கும். கோதுமை மா வேண்டாம், அது பசையாகும்.

30 லீற்றர் மேசை அவணின் தட்டில் 600, 700 கிராமுக்கு மேல் வைக்க வேண்டாம். துண்டுக்குத் துண்டு விரற்கடை இடைவெளி. இரண்டு தட்டை மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் வைப்பதும் சரிவராது: கீழ்த்தட்டு கீழ்ச்சூட்டை மறைக்கும், மேல்தட்டு மேல்சூட்டை மறைக்கும், இரண்டும் அரைவேக்காடு. தட்டில் ஒயில் பேப்பர் போட்டால் ஒட்டாது, ஆனால் அடி சிவப்பதும் சற்றுக் குறையும். பழகின தட்டென்றால் நேரடியாகவே வையுங்கள்.

நான்கு முறை சுட வேண்டும். முதலாவது கிழங்கு, 30 நிமிடம். 20ஆவது நிமிடத்தில் ஒருமுறை மட்டும் திருப்புங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்க வேண்டாம், அது இன்னும் முறுகவில்லை, மூன்று நிமிடம் பொறுத்தால் தானே விடும். அடுத்தது கரட், 25 முதல் 28 நிமிடம். மூன்றாவது வெங்காயத்தைத் தனியே 10 நிமிடம் சுட்டு, அதே தட்டில் கறிமிளகாயைச் சேர்த்து இன்னும் 14 நிமிடம். பீற்றூட் கடைசியில், 20 நிமிடம், எதனோடும் சேராமல். சேர்த்தால் கிழங்கும் வெங்காயமும் எல்லாம் ரோஸ் நிறம். மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும், அதை மனதில் வைத்துத் தொடங்குங்கள்.

இனித் தூள். நமது கறித்தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது. செத்தல், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் ஒருமுறை சூடு கண்டவை. அதை மறுபடி 210 பாகையில் அரை மணித்தியாலம் வைத்தால் செத்தலும் வெந்தயமும் கருகிக் கைப்பு வருவதில் என்ன அதிசயம்? சுடும்போது உப்பும் எண்ணெயும் மட்டும் போதும். இறக்க 5 நிமிடம் இருக்கும்போது, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு தேக்கரண்டி கறித்தூள், ஒரு தேக்கரண்டி கரகரப்பாக இடித்த மிளகு, அரைத் தேக்கரண்டி இடித்த நற்சீரகம் குழைத்து, கிழங்கிலும் கரட்டிலும் பிரட்டி மறுபடி உள்ளே விடுங்கள். இந்த அளவு இரண்டுக்கும் சேர்த்து. கிழங்குக்கு ஒரு பங்கு, கரட்டுக்கு ஒரு பங்கு. உள்ளி விருப்பமென்றால் நசுக்கி இதே குழையலில் சேருங்கள், தொடக்கத்திலேயே போட்டால் அதுவும் கருகும். கறிவேப்பிலை ஒரு பிடியைத் தனியே எண்ணெய் தடவி 4 நிமிடம் சுட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும், மேலே தூவ அது.

நத்தார் மேசைக்கு மினுக்கம் வேண்டுமே, அதற்குப் பனங்கட்டிப் பாணி. ஒரு பனையோலைக் குட்டானிலிருந்து 60 கிராம் பனங்கட்டி, தேசிக்காய் அளவில் பாதிப் பழப்புளி கரைத்த அரைக் கோப்பை தண்ணி, அரைத் தேக்கரண்டி இடித்த செத்தல், இரண்டு சிட்டிகை உப்பு. பனங்கட்டி கரைந்ததும் கட்டாயம் வடியுங்கள். கருப்பணி இறக்குகிற முட்டியில் சுண்ணாம்பு பூசுவதால் அடியில் அதன் வண்டலும் சிலவேளை மண்ணும் நிற்கும். வடித்ததை மெல்லிய நெருப்பில் 8 நிமிடமளவில் வற்றவிட்டால், கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாத பதம் வரும். சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள், ஆறும்போது தானாகவே இறுகும். இதைப் பீற்றூட்டுக்கும் வெங்காயத்துக்கும் மட்டும், அதுவும் கடைசி 5 நிமிடத்தில் தடவுங்கள். இனிப்பு எல்லாவற்றையும் விடக் கெதியாகக் கருகும். கருகினால் தட்டைக் கழுவுவதற்கே ஒரு நாள் வேண்டும். கிழங்குக்குத் தடவ வேண்டாம், அது தானே இனிப்பு.

தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். சந்தையில் தின்னவேலி ஊதா கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சதைப்பிடிப்பான எந்தக் கத்தரியும் சரி. முற்றி விதை கறுத்தது மட்டும் வேண்டாம். முள்ளுக்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். குத்தாமல் நெருப்பில் வைத்தால் உள்ளே ஆவி முட்டி வெடிக்கும், அடுப்படியெல்லாம் கத்தரிக்காய். காம்பைப் பிடித்துத் திருப்பலாம், வெட்ட வேண்டாம். சிரட்டைக்கரி நெருப்பில் சுட்டால் வாசமே வேறு, காஸ் அடுப்பிலும் 10 முதல் 12 நிமிடத்தில் முடியும். தோல் முழுவதும் கறுத்து, காம்படி மெத்தென்று ஆக வேண்டும். காம்படி இறுக்கமாக இருந்தால் உள்ளே வேகவில்லை. அவணில் சுட்டாலும் வேகும், ஆனால் புகைவாசம் இராது. அதில்லாமல் இந்தச் சம்பலுக்கு அர்த்தமில்லை.

ஆறினதும் தோலை உரியுங்கள். தண்ணியில் கழுவி உரிப்பது சுகமான வேலைதான், ஆனால் வாசம் முழுவதும் தண்ணியோடு போய்விடும். கையை நனைத்து நனைத்து உரித்தால் போதும், இரண்டொரு கறுப்புத் துணுக்கு நின்றால் குறையில்லை. சதையை வடியில் போட்டு 10 நிமிடம் விட்டால் கைப்பான பழுப்புத் தண்ணி இறங்கும், அதை ஊற்றிவிடுங்கள். முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். மிக்சியில் அடித்தால் களி. பரிமாறப் போகும்போது, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 8, பச்சை மிளகாய் 3, உப்பு, தேங்காய் முதற்பால் மூன்றில் ஒரு கோப்பை, கடைசியாக ஒரு தேசிக்காயின் சாறு. புளி பட்டதும் பால் சற்றுத் தடிக்கும், அது பிழையில்லை, தொட்டுக்கொள்ள அதுதான் பதம். சோற்றோடு சாப்பிடுகிற சம்பலைவிட இது இறுக்கமாக இருக்க வேண்டும், ஈர்க்கிலிருந்து சட்டையில் சொட்டக்கூடாது.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் வந்துதான் பரிமாறுவது என்றால் நேர ஒழுங்கு முக்கியம். 23ஆம் திகதி இரவு பீற்றூட் அவித்து, பாணியும் காய்ச்சி வையுங்கள். 24ஆம் திகதி பின்னேரம் 3 மணிக்கு நான்கு தட்டும் சுடத் தொடங்கி 5:30க்குள் முடியுங்கள்; தூள் பிரட்டும் வேலையையும் பாணி தடவும் வேலையையும் மட்டும் விட்டுவையுங்கள். சுட்டதை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரே அடுக்காகப் பரவி ஆறவிட்டு, பிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் முறுகல் அன்றோடு சரி. கத்தரிக்காயை மசித்து வைக்கலாம். பாலும் வெங்காயமும் முன்கூட்டியே சேர்த்தால் பால் புளிக்கும், வெங்காயம் கைக்கும். கோவிலால் வந்ததும் அவணைச் சூடாக்கி, தூள் பிரட்டி, பாணி தடவி, 200 பாகையில் 8 நிமிடம். மைக்ரோவேவில் சூடாக்குவது இவ்வளவு பாடுபட்டதையும் மறுபடி அவிப்பதுதான்.

ஈர்க்கை முன்னதாகவே பச்சைத் தென்னோலையிலிருந்து கிழித்து, சீவி, ஐந்து அங்குலத்துக்கு வெட்டி, கழுவிக் காயவையுங்கள். தயவுசெய்து விளக்குமாற்றில் உருவ வேண்டாம். பச்சை மரக்கறியைக் குத்திவிட்டுச் சுடக்கூடாது: கிழங்கு வேகும் முன் மிளகாய் கருகும், ஈர்க்கும் கருகும். சூடாக்கி எடுத்த பிறகு கிழங்கு, கறிமிளகாய், கரட், வெங்காயம் என்று கோத்துவிடுங்கள். பீற்றூட் எப்போதும் நுனியில், ஒரு துண்டு மட்டும், சாயம் கீழே இறங்காமல் நுனியை வெளிப்பக்கமாக அடுக்குங்கள். பீற்றூட்டின் சிவப்பும் கறிமிளகாயின் பச்சையும் இருக்கும்போது நத்தார் அலங்காரத்துக்கு வேறொன்றும் தேவையில்லை.

தட்டில் வாழையிலை போடுவதென்றால் நெருப்பில் வாட்டிப் போடுங்கள், கிழியாது. மரக்கறியின் ஆவி அடங்க ஐந்து நிமிடம் கழித்து அடுக்குங்கள், இல்லாவிட்டால் இலை வியர்த்து அடித்துண்டுகள் நனையும். ஈ மொய்க்காமல் வலைமூடி போடலாம், எவர்சில்வர் மூடி வேண்டாம்.

உங்கள் 8 சைவக்காரரைப் பற்றி: நத்தார் வருகிற நாட்கள் பல வருசங்களில் பிள்ளையார் பெருங்கதை, திருவெம்பாவை நாட்களோடு ஒட்டி வரும். மற்ற நாளில் மச்சம் சாப்பிடுகிறவர்களும் அப்போது சைவமாயிருப்பார்கள், எட்டு பன்னிரண்டு ஆகலாம். ஆகவே இந்தத் தட்டை ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், தனிக் கரண்டி, தனிச் சம்பல் கோப்பையோடு வேறு மேசையில் வையுங்கள். ரோல்ஸ் பொரித்த எண்ணெயை மரக்கறிக்குப் பாவிக்கவும் கூடாது.

அவண் இல்லாவிட்டால் கனமான இரும்புத் தாச்சி போதும். கிழங்கையும் கரட்டையும் ஆவியில் 6 நிமிடம் வைத்து, உலர்த்தி, தாச்சியின் அடி மறையாத அளவு மட்டும் போட்டு, மூடாமல், அடிக்கடி கிண்டாமல் ஒவ்வொரு பக்கமும் 4 நிமிடம் விடுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இதைச் செய்கிறவர்கள் தேங்காயெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் பாவிக்கலாம்: தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும், அந்தக் குளிரில் ஆறிய துண்டு மெழுகு பூசியதுபோல நாக்கில் நிற்கும். அங்கே கிடைக்கிற செம்மஞ்சள் வற்றாளங்கிழங்கில் ஈரம் கூட, எனவே அரிசி மாவை ஒன்றரை மேசைக்கரண்டியாக்கி, இன்னும் 5 நிமிடம் கூட்டிச் சுடுங்கள்.

மிஞ்சினதை அடுத்த நாள் மறுபடி சுட்டுப் பழைய முறுகலைத் தேட வேண்டாம். பொடியாக வெட்டி, வெங்காயம் மிளகாயோடு தாளித்து, ரொட்டிக்குள் வைத்து மடியுங்கள். பீற்றூட்டை மட்டும் எடுத்துத் தயிரில் போடுங்கள்.